ஒரு போர் விமான ஸ்குவாட்ரனின் வரலாற்றை எழுதுவது எப்படி?

ஸ்குவாட்ரன் என்பது விமானப்படையில் தனி எண் கொண்ட ஒரு விமானப் பிரிவு. இந்திய விமானப்படையின் 18-வது ஸ்குவாட்ரனைப் பற்றித் தேடினால் எங்கும் ஒரே பத்திதான் கிடைக்கும். 1965-ல் தொடக்கம், நேட் என்ற சிறிய போர் விமானம், 1971-ல் நிர்மல்ஜித் சிங் செகோனின் பரம் வீர் சக்ரா, பிறகு மிக்-27, கடைசியில் சூலூரில் தேஜஸ். அந்தப் பத்தியில் பெரிய பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் முந்தைய ஆள் எழுதியதைப் பார்த்து எழுதியவர்கள். அதை ஆதாரத்தோடு நூறு பக்கமாக விரிக்க என்ன வேலை செய்ய வேண்டும், எங்கெல்லாம் சறுக்கும் என்பதை இங்கே பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் 18-வது ஸ்குவாட்ரனையே வைத்துக்கொள்வோம். தேவைப்படும் இடத்தில் மற்றவையும் வரும்.

முதலில் எண்ணைப் பிடியுங்கள்

விமானிகள் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார்கள். விமானம் மாறும், தளம் மாறும். மாறாமல் நிற்பது எண், சின்னம், குடியரசுத் தலைவர் வழங்கிய கொடி, தினசரிப் பதிவேடு ஆகியவைதான். எனவே உங்கள் ஆய்வின் தலைப்பு "சூலூர் தேஜஸ்" என்றோ "இந்தியாவின் நேட் விமானங்கள்" என்றோ இருக்கக் கூடாது. எண்ணை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு உரியவை மட்டும் உள்ளே வரட்டும்.

எண்ணிலேயே ஒரு பொறி உண்டு. ஒரே எண் பல நாட்டு விமானப்படைகளில் இருக்கும். பிரிட்டனின் 18-வது ஸ்குவாட்ரன் இன்று சினூக் ஹெலிகாப்டர் ஓட்டுகிறது. அதைவிட மோசமான குழப்பம் 45-ல் இருக்கிறது. பிரிட்டனின் 45-வது ஸ்குவாட்ரன் இரண்டாம் உலகப்போரில் இந்தியாவிலிருந்து பர்மாவுக்குள் போய் வெஞ்சன்ஸ் விமானத்தில் குண்டு வீசியது. இந்திய விமானப்படையின் 45-வது ஸ்குவாட்ரனோ 1959-ல்தான் பிறந்தது. இடமும் ஒட்டி வருவதால், பழைய ஆவணத்தில் "45 ஸ்குவாட்ரன், இந்தியா, 1943" என்று பார்த்தவுடன் அள்ளிப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. நாடு, எண், ஆண்டு மூன்றும் பொருந்தினால் மட்டும் குறிப்பெடுங்கள்.

அடுத்தது "நம்பர் பிளேட்" செய்வது. விமானம் ஓய்வு பெற்றதும் ஸ்குவாட்ரனைக் கலைத்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதும். விமானப்படை எண்ணை எடுத்துப் பத்திரப்படுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். பின்னால் புது விமானம் வரும்போது அதே எண்ணுக்கு மறுபடி உயிர் கொடுக்கும். 18-வது ஸ்குவாட்ரன் 2016 ஏப்ரல் 15 அன்று அப்படி எடுத்து வைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் அந்தப் பெயரில் விமானமும் இல்லை, ஆளும் இல்லை. இந்த இடைவெளியை "சூலூருக்கு மாற்றப்பட்டது" என்று பூசி மெழுகக் கூடாது. மிக்-27 ஓட்டிய ஆட்கள் எல்லாரும் கூட்டமாகச் சூலூருக்கு வந்து இறங்கினார்கள் என்ற பொய்யான சித்திரத்தை அது தந்துவிடும். 45-வது ஸ்குவாட்ரனிலும் மிக்-21 காலத்துக்கும் 2016-ல் தேஜஸோடு எழுந்த காலத்துக்கும் நடுவே பல ஆண்டு இடைவெளி உண்டு.

ஒரு நிகழ்வுக்கு ஒரு தேதி போதாது

பிறந்த நாள், மறுபிறவி நாள், போருக்குத் தயாரான நாள் எல்லாம் வெவ்வேறாக இருக்கும். 18-வது ஸ்குவாட்ரனின் பிறந்த நாள் 1965 ஏப்ரல் 15. மறுபிறவிக்கு 2020 ஏப்ரல் 1 என்று ஒரு தேதியும் 2020 மே 27 என்று இன்னொரு தேதியும் ஓடுகின்றன. இரண்டுமே சரி. முதலாவது ஆணையின் தேதி. இரண்டாவது, அப்போதைய விமானப்படைத் தளபதி ஆர்.கே.எஸ். பதாரியா சூலூருக்கு வந்து ஸ்குவாட்ரனை முறைப்படி செயல்பாட்டுக்குக் கொண்டுவந்த விழாவின் தேதி. தஞ்சாவூரின் 222-வது ஸ்குவாட்ரனுக்கும் இதே கதைதான். 2020 ஜனவரி 1 அன்று உயிர்பெற்றது. பிரம்மோஸ் ஏந்தும் சுகோய்-30 விமானங்களோடு விழா நடந்தது ஜனவரி 20 அன்று.

ஆகவே தேதி எழுதும்போது பக்கத்திலேயே அது என்ன வகைத் தேதி என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்: ஆணை, முதல் விமானம் வந்தது, முதல் பறப்பு, விழா, நம்பர் பிளேட். இந்த ஐந்தில் எது என்று தெரியாத தேதியைக் குறிப்பில் வைத்திருக்கலாம், புத்தகத்தில் அச்சிட வேண்டாம். 1-வது ஸ்குவாட்ரனே இதற்கு மூத்த உதாரணம். 1932 அக்டோபர் 8 இந்திய விமானப்படை பிறந்த நாள். அதன் முதல் ஸ்குவாட்ரன் கராச்சியின் டிரிக் ரோட்டில் நான்கு வாபிட்டி விமானங்களோடு உருவானது 1933 ஏப்ரல் 1 அன்று. இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் கட்டுரைகளுக்குக் குறைவே இல்லை.

எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது

சுதந்திரத்துக்கு முன் உருவான ஸ்குவாட்ரன் என்றால் உங்கள் வேலை எளிது. உதாரணமாக 8-வது ஸ்குவாட்ரன் 1942 டிசம்பர் 1 அன்று நம் திருச்சிராப்பள்ளியில் வெஞ்சன்ஸ் விமானங்களோடு உருவானது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் பிரிட்டிஷ் முறைப்படி செயல்பாட்டுப் பதிவேடு எழுதியாக வேண்டும். அதில் இரண்டு படிவங்கள். படிவம் 540-ல் அன்றாட நடப்புச் சுருக்கம்: யார் வந்தார், யார் போனார், மழை பெய்ததா, எந்தத் தளத்துக்கு நகர்ந்தது. படிவம் 541-ல் ஒவ்வொரு பறப்பின் விவரம்: விமான எண், ஆட்கள், புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம், என்ன செய்தார்கள். லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை "ஏர் 27" வரிசையில் உள்ளன. தளங்களின் பதிவேடு "ஏர் 28", வான்சண்டை அறிக்கைகள் "ஏர் 50".

540-ஐ மட்டும் படித்துவிட்டு எழுதுவதுதான் இங்கே பொதுவான சறுக்கல். மாதக் கடைசியில் ஓர் இளம் அதிகாரியைப் பிடித்து உட்கார வைத்து எழுதச் சொல்வது வழக்கம். அவர் தொடக்க நாட்களை நினைவிலிருந்து எழுதுவார், தேதி ஒருநாள் முன்பின்னாகும். 541-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் பெரும்பாலும் 541 சொல்வதே சரி. அதிலும் விமான எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அது சகஜம்.

சுதந்திரத்துக்குப் பிறகு உருவான ஸ்குவாட்ரனுக்குக் கதவுகள் இவ்வளவு அகலமாகத் திறக்காது. பதிவேடு ஸ்குவாட்ரனிடமோ விமானப்படைத் தலைமையகத்திலோ இருக்கும். போர் வரலாறுகளைத் தொகுப்பது, 25 ஆண்டு கடந்த ஆவணங்களை மதிப்பிட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றுவது பற்றிப் பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் ஒரு கொள்கையை வெளியிட்டது. கொள்கை இருப்பதாலேயே நீங்கள் கேட்ட பெட்டி மேசைக்கு வந்துவிடாது. அதை நம்பி வேலையைத் தள்ளிப்போடாமல் வெளியே கிடைப்பதிலிருந்து தொடங்குங்கள்.

வெளியே என்ன கிடைக்கும்? இந்திய அரசிதழின் முதல் பகுதி, முதல் பிரிவில் வீர விருது அறிவிப்புகள் சான்றுரையோடு (விருது எதற்காக என்ற விளக்கத்தோடு) வரும். 1947-க்கு முந்தைய விருதுகளுக்கு லண்டன் அரசிதழ். விபத்துக் கணக்குகளுக்கு நாடாளுமன்றக் கேள்வி-பதில்கள். அண்மைக்கால நிகழ்வுகளுக்கு அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகச் செய்திக்குறிப்புகள். உலகப்போரில் இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல். உடல் கிடைக்காதவர்கள் பலரின் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் இருக்கும்.

எதிர்பாராத இடத்திலும் தாள் கிடைக்கும். 1999 ஆகஸ்ட் 10 அன்று 45-வது ஸ்குவாட்ரனின் மிக்-21 ஒன்று பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. பாகிஸ்தான் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று நீதிமன்றம் 2000 ஜூன் 21 அன்று சொல்லிவிட்டது. ஆனால் இரு தரப்பும் தாக்கல் செய்த மனுக்களும் வாய்மொழி வாதங்களும் நீதிமன்றத்தின் தளத்திலேயே கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஸ்குவாட்ரன் வரலாறு எழுதுபவர்கள் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்தலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "ஸ்குவாட்ரனின் வரலாற்றைத் தரவும்" என்று கேட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு விலக்கு தரும் 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுப்பது அவர்களுக்கு ஒரு வரி வேலை. 20 ஆண்டு கடந்த நிகழ்வுக்குப் பல விலக்குகள் தளரும் என்று 8(3) சொன்னாலும் நாட்டின் பாதுகாப்பு தொடர்பான இந்த விலக்கு அப்போதும் நிற்கும். எனவே பாதுகாப்பைத் தொடாத, ஒரே தாளில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். உதாரணம்: "1965 முதல் 1975 வரை இந்த ஸ்குவாட்ரனின் கட்டளை அதிகாரிகளின் பெயர், பொறுப்பேற்ற தேதி, விடுவிக்கப்பட்ட தேதி." ஒரு மனுவுக்கு ஒரு கேள்வி.

அடிப்படை அட்டவணை

எழுத உட்காருவதற்கு முன் ஓர் எக்செல் தாள் போடுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு நிகழ்வு. பத்திகள் (மேலிருந்து கீழாக வரும் கட்டங்கள்) இவை: தேதி, ஆவணத்தில் உள்ளபடி நேரம், ஜிஎம்டி (கிரீன்விச்) நேரம், தளம், விமான வகை, டெயில் நம்பர் (விமானத்தில் எழுதியுள்ள அடையாள எண்), விமானியின் பெயரும் அன்றைய பதவியும், சர்வீஸ் எண், பணி, விளைவு, ஆதாரம், நம்பகம். தேதியை 1971-12-14 என்ற முறையில் எழுதினால் வரிசைப்படுத்தும்போது குழறாது. எக்செல் பழைய தேதிகளைத் தன் விருப்பத்துக்கு மாற்றும் பழக்கம் உள்ளது, அதனால் அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவம் என்று அமைத்துவிடுங்கள்.

நம்பகத்துக்கு மூன்று படி போதும். அன்றே எழுதப்பட்ட ஆவணம் 1. நேரில் இருந்தவர் பிற்பாடு சொன்னது 2. மற்ற எல்லாம் 3. மூன்றாம் படியில் உள்ளதை மட்டும் வைத்து எந்த வாக்கியமும் எழுதக் கூடாது. மூன்று கட்டுரைகள் ஒரே விஷயத்தைச் சொன்னாலும், மூன்றும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவை என்றால் அது ஒரே சாட்சிதான்.

சர்வீஸ் எண் பத்தியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். சிங், ராவ், சர்மா என்று ஒரே காலத்தில் ஒரே ஸ்குவாட்ரனில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். எண் இருந்தால் குழப்பம் இல்லை. செகோனின் எண் 10877 எஃப்(பி). கடைசி எழுத்துகள் பறக்கும் பிரிவு, விமானி என்று குறிக்கின்றன. பதவியையும் அன்று இருந்தபடியே எழுதுங்கள். 1971 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தான் எல்லையில் உள்ள போய்ராவில் பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட பாகிஸ்தான் விமானி பர்வேஸ் மெஹ்தி குரேஷி பின்னாளில் அந்நாட்டு விமானப்படையின் தளபதியானார். அதற்காக "ஏர் சீஃப் மார்ஷல் குரேஷி சுட்டு வீழ்த்தப்பட்டார்" என்று எழுதினால் படிப்பவர் தலை சுற்றிப்போகும்.

நேரம்: அரை மணியில் கவிழும் கதை

இரு தரப்பு ஆவணத்தையும் ஒப்பிடும்போது முதலில் பிசகுவது நேரம்தான். 1951-க்குப் பிறகு மேற்குப் பாகிஸ்தான் ஜிஎம்டிக்கு 5 மணி நேரம் முன்னால், கிழக்குப் பாகிஸ்தான் 6 மணி நேரம் முன்னால், நாம் ஐந்தரை. ஆக 1971-ல் இந்திய நேரம் 08:00 என்றால் பெஷாவரில் 07:30, டாக்காவில் 08:30. ஜிஎம்டி 02:30. ஸ்ரீநகர் தாக்குதலை இரு தரப்பு விவரிப்பிலும் பார்த்துவிட்டு, "அவர்கள் சொல்வது வேறு தாக்குதல் போலிருக்கிறது" என்ற முடிவுக்கு வருபவர்கள் இந்த அரை மணியில்தான் விழுகிறார்கள்.

உலகப்போர் ஆவணம் என்றால் இன்னொரு வில்லங்கம். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்திய நேரம் ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கப்பட்டு ஆறரையாக இருந்தது. திருச்சி 8-வது ஸ்குவாட்ரனின் 1943-ஆம் ஆண்டுப் பதிவில் உள்ளூர் நேரம் 08:00 என்றால் ஜிஎம்டி 01:30. விடியலில் புறப்பட்டார்கள் என்ற வருணனையும் கடிகார நேரமும் ஒட்டவில்லை என்றால் முதலில் இதைச் சோதியுங்கள். மூல நேரத்தை அழித்துவிட்டு ஜிஎம்டியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். மாற்றிய கணக்கில் பிழை வந்தால் திரும்ப வழி இருக்காது.

சுட்டேன் என்பதும் விழுந்தது என்பதும்

ஸ்குவாட்ரன் வரலாற்றின் மானம் போவதும் நிற்பதும் இந்தப் பகுதியில்தான். விமானி ஒருவர் எதிரி விமானத்தைச் சுட்டதாக அறிவித்தால் அது "உரிமை கோரல்". எதிரி தரப்பில் அந்த நாளில் அந்த இடத்தில் ஒரு விமானம் திரும்பவில்லை என்று தெரிந்தால் அது "இழப்பு". இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும்.

1965 செப்டம்பர் 3 அன்று 23-வது ஸ்குவாட்ரனின் ட்ரெவர் கீலர் பாகிஸ்தானின் சேபர் போர் விமானம் ஒன்றைச் சுட்டதாக அறிவித்தார், வீர் சக்ரா பெற்றார். பாகிஸ்தான் தரப்போ அந்த சேபர் பலத்த சேதத்துடன் தளம் திரும்பியது என்கிறது. கீலர் பொய் சொன்னார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 30 மில்லிமீட்டர் குண்டு பாய்ந்து, பாகங்கள் பிய்ந்து, கீழே சரிந்துபோகும் விமானத்தைச் சண்டையின் நடுவில் யாரும் பின்தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எழுத வேண்டிய முறை: "சுட்டதாக அறிவித்தார், விமானம் சேதத்துடன் திரும்பியதாக எதிர்த்தரப்பு கூறுகிறது." ஒரே வாக்கியம், வேலை முடிந்தது.

அதே நாளில் அதே ஸ்குவாட்ரனைச் சேர்ந்த பிரிஜ்பால் சிங் சிகந்த் பஸ்ரூரில் நேட் விமானத்தை இறக்கினார். தங்கள் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானத்தின் மிரட்டலுக்குப் பணிந்து இறங்கினார் என்பது பாகிஸ்தான் கதை. வழி தவறி, எரிபொருள் தீர்ந்து, தன் நாட்டுத் தளம் என்று நினைத்து இறங்கினார் என்பது இந்தியத் தரப்பு. இங்கே காரணம்தான் சர்ச்சை, விமானம் அல்ல. டெயில் நம்பர் ஐஇ1083 கொண்ட அந்த நேட் இன்றும் கராச்சியில் உள்ள அவர்களது விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

போய்ரா, 1971 நவம்பர் 22. 22-வது ஸ்குவாட்ரனின் நான்கு நேட் விமானங்கள் மூன்று சேபர்களை வீழ்த்தியதாக அன்று அறிவிக்கப்பட்டது. இரண்டு விமானிகள் பிடிபட்டார்கள், அந்த இரண்டில் சந்தேகமே இல்லை. மூன்றாவது சேபர் அடிபட்ட நிலையில் டாக்கா போய்ச் சேர்ந்தது. பாகிஸ்தானும் ஒரு நேட் விமானத்தைச் சுட்டதாகச் சொல்லிக்கொண்டது. நான்கும் தளம் திரும்பின. இரு பக்கமும் ஒன்று கூட்டிச் சொன்ன கணக்கு. இதை மறைக்காமல் எழுதினால் ராய் மாஸி, கணபதி, லாசரஸ் ஆகியோரின் வீர் சக்ராவுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

இப்போது 18-வது ஸ்குவாட்ரனுக்கு வருவோம். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். "செகோன் இரண்டு சேபர்களைச் சுட்டு வீழ்த்தினார்" என்றுதான் எங்கும் படித்திருப்பீர்கள். பரம் வீர் சக்ரா சான்றுரையை எடுத்து நிதானமாகப் படியுங்கள். ஆறு சேபர்கள் தாக்கின. ஓடுதளத்தில் குண்டுகள் விழும்போதே அவர் எழும்பினார். ஒரு ஜோடி சேபர்களோடு மோதினார். ஒன்றின் மீது குண்டுகளைப் பாய்ச்சினார், இன்னொன்றைச் சேதப்படுத்தினார். பிறகு ஒன்றுக்கு நான்கு என்ற நிலையில், மரங்களின் உயரத்தில், தனியாகப் போரிட்டு வீழ்ந்தார். வீழ்த்தினார் என்ற சொல் அங்கே இல்லை. பாகிஸ்தானும் அன்று தன் விமானம் எதுவும் விழவில்லை என்கிறது. அதாவது இரு தரப்பு மூல ஆவணங்களும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. முரண்படுவது பின்னால் வந்த கட்டுரைகள் மட்டுமே. விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரா அது. அதற்கு மேல் சர்க்கரை தூவ வேண்டியதில்லை.

அதே சான்றுரை இன்னொன்றையும் சொல்கிறது. 1948-ல் இருந்து வரும் சர்வதேச உடன்பாட்டின்படி, போர் தொடங்கும்வரை ஸ்ரீநகரில் வான்காப்புப் போர் விமானங்கள் நிறுத்தப்படவில்லை. ஆகவே செகோனின் குழு அங்கே பிரிந்து வந்திருந்த ஒரு டிட்டாச்மென்ட். போய்ராவிலும் அப்படித்தான்: 22-வது ஸ்குவாட்ரனின் தளம் கலைக்குண்டா, பறந்தது டம்டமிலிருந்து. போர்க்காலத்தில் ஒரு ஸ்குவாட்ரன் ஒரே நாளில் இரண்டு மூன்று ஊர்களில் இருக்கும். அட்டவணையில் "தளம்" என்ற பத்தியை "தாய்த்தளம்", "பறந்த தளம்" என்று இரண்டாகப் பிரியுங்கள். பிரிக்காமல் விட்டால் பாதி நிகழ்வுகள் உங்கள் கணக்கில் தவறான ஊரில் நடந்திருக்கும்.

இழப்புகளுக்கும் இதே கறார் வேண்டும். வான்சண்டை, தரையிலிருந்து சுட்டது, தரையில் நின்றபோது குண்டு பட்டது, விபத்து என நான்கு வகை. விமானப்படைக் கணக்கில் விமானம் முற்றாக நாசமான விபத்து "கேட்டகரி 1". பழுது பார்த்துப் பறக்கவிட்டதையும் இழப்பில் சேர்த்தால், பின்னால் அதே டெயில் நம்பர் உயிரோடு பறந்துவந்து உங்களைச் சிரிப்புக்கு இடமாக்கும்.

லாக் புக், வயதானவர்கள், புகைப்படம்

ஓய்வுபெற்ற விமானியின் வீட்டில் லாக் புக் இருக்கும். ஒவ்வொரு பறப்பும் தேதி, விமான வகை, டெயில் நம்பர், உடன் பறந்தவர், பணி, நேரம் என்று ஒரு வரி. மாதக் கடைசியில் கூட்டிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அந்தக் கூட்டுத்தொகையும் கையெழுத்தும்தான் முக்கியம்: அதிகாரியின் பெயரும் தேதியும் அங்கே கிடைக்கும், கட்டளை அதிகாரிகளின் பட்டியலைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

லாக் புக்கை வெளியே கொண்டுபோகக் கேட்காதீர்கள். அங்கேயே, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். அட்டையிலிருந்து தொடங்கி ஒரு படத்துக்கு ஒரு பக்கம். ஓரம் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "பறவை மோதல்", "பிரேக் போனது" போன்ற குறிப்புகள் ஓரத்தில்தான் இருக்கும். முதுகுப்பகுதி விரியாத புத்தகத்தை அழுத்தித் தட்டையாக்க வேண்டாம், தையல் விட்டுவிடும். தனிப் புகைப்படங்கள் என்றால் குறைந்தது 600 டிபிஐ ஸ்கேன், பின்பக்கத்தையும் சேர்த்து. எதை எங்கே வெளியிடலாம் என்று அன்றே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். பிற்பாடு குடும்பத்தாரிடம் போய்க் கேட்பது சங்கடம்.

பேட்டிக்குப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். அவருடைய காலத்து அட்டவணையை அச்சடித்து எடுத்துச் செல்லுங்கள். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் நூறு மேடையில் சொன்ன கதையே வரும். "இந்த மாதம் ஏன் பதினைந்து நாள் யாருமே பறக்கவில்லை?" என்று கேளுங்கள். உதிரிபாகம் வரவில்லை, ஓடுதளத்தைச் சீர்செய்தார்கள், ஒரு விபத்துக்குப் பின் எல்லா விமானங்களையும் நிறுத்தி வைத்தார்கள் என்று உண்மையான வரலாறு அப்போது வெளியே வரும்.

விமானிகளை மட்டும் தேடாதீர்கள். நேட் விமானத்தின் இரண்டு ஏடன் துப்பாக்கிகளும் சண்டையின் நடுவே சிக்கிக்கொள்வதில் பெயர் போனவை. அது ஏன், எப்படிச் சமாளித்தார்கள் என்று விமானிக்குத் தெரிந்ததைவிட ஆயுதப் பிரிவு ஏர்மேனுக்கு அதிகம் தெரியும். எஞ்சின் மெக்கானிக், ரேடியோ ஆள், பாராசூட் மடித்தவர் ஆகியோரை விட்ட வரலாறு பாதி வரலாறு. இவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் நிறைய. தாம்பரத்திலோ ஆவடியிலோ ஓய்வுபெற்றவர் சங்கத்தில் விசாரித்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

புகைப்படத்தில் விமானத்தை அடையாளம் காண டெயில் நம்பரைப் பாருங்கள், முன்மூக்கில் உள்ள சின்னத்தை நம்பி முடிவு செய்ய வேண்டாம். ஒரு ஸ்குவாட்ரனின் விமானம் இன்னொன்றுக்குக் கடனாகப் போகும், சின்னம் பழையதே ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணின் முன்னெழுத்து வகையைச் சொல்லிவிடும்: மிக்-27 என்றால் டிஎஸ், சுகோய்-30 என்றால் எஸ்பி, தேஜஸ் என்றால் எல்ஏ. சாலைச் சந்திப்பிலும் கல்லூரி வாசலிலும் நிறுத்தி வைத்துள்ள காட்சி விமானங்களின் எண்ணை ஒருபோதும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறை வண்ணம் பூசும்போதும் பூசுபவர் கைக்கு வந்ததை எழுதிவிடுவார்.

எப்படி அடுக்குவது

கட்டளை அதிகாரிகளின் வரிசையில் அத்தியாயம் பிரிப்பது வசதி. ஆனால் படிக்க முடியாது; ஒவ்வொன்றும் வந்தார், ஆய்வு நடந்தது, விளையாட்டுக் கோப்பை வென்றோம், போனார் என்று முடியும். விமான வகையை வைத்துப் பிரியுங்கள். நேட் விமானத்திலிருந்து மிக்-27 வரை போகும்போது ஸ்குவாட்ரனின் வேலையே வான்காப்பிலிருந்து தரைத்தாக்குதலுக்கு மாறிவிடுகிறது. பயிற்சி, ஆயுதம், தளம், ஆட்களின் மனப்போக்கு எல்லாம் கூடவே மாறும். ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறும் அந்தச் சில மாதங்களுக்குத் தனி இடம் கொடுங்கள், பெரும்பாலான வரலாறுகளில் அவை ஒரு வரியில் போய்விடுகின்றன. அதிகாரிகள் பட்டியல் பின்னிணைப்பில் இருக்கட்டும்.

இன்று பணியில் உள்ள ஸ்குவாட்ரன் என்றால் கடைசி அத்தியாயத்தில் அடக்கி வாசியுங்கள். எத்தனை விமானம் பறக்கும் நிலையில் உள்ளது, என்ன ஏவுகணை எத்தனை, யார் எங்கே குடியிருக்கிறார் என்பதெல்லாம் வேண்டாம். 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. தளத்தின் வேலிக்கு வெளியே நின்று டெலிலென்ஸில் எடுத்த படத்தையும் தவிர்த்துவிடுங்கள். அரசுச் செய்திக்குறிப்பில் உள்ளதைத் தாண்டாமல் எழுதினால் போதும்.

அச்சுக்குப் போகும் முன் இறந்தவர்கள் பட்டியலைத் தனியாக எடுத்து இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெயரின் எழுத்து, பதவி, தேதி, ஊர். போரில் இறந்தவரையும் பயிற்சி விபத்தில் இறந்தவரையும் ஒரே பட்டியலில், தேதி வரிசையில் வையுங்கள். குடும்பத்தார் புத்தகத்தை வாங்கியவுடன் திறக்கும் பக்கம் அதுதான்.